உத்யம் பதிவுச் சேவை: படம் எடுப்பதைத் தொழிலாக்க நினைப்பவருக்கு அது எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

நம் ஊர்களில் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர் தொழில்காரராக மாறுவது பெரும்பாலும் சொந்தபந்தங்களின் வழியாகத்தான் நடக்கிறது. அக்கா வீட்டு வளைகாப்பில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுச் சித்தப்பா மகன் தன் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்கிறார். அங்கே வந்திருந்த பெண் வீட்டார் தங்கள் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டு, முதன்முறையாக ஒரு தொகையையும் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் ஜிபே வழியாகச் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது, ஒரு லென்ஸாக மாறுகிறது, அதற்கு மேல் கணக்கு வழக்கு எதுவும் இருப்பதில்லை. தெரிந்தவர்களுக்குள் வேலை செய்யும்வரை இந்த ஏற்பாடு ஓடும். என்றைக்கு ஒரு பள்ளியோ, நகைக்கடையோ, திருப்பூர்ப் பக்கத்துப் பின்னலாடை நிறுவனமோ படம் எடுக்க அழைத்து, "பில் யார் பேர்ல வரும், கரன்ட் அக்கவுண்ட் இருக்கா, உத்யம் நம்பர் இருந்தா குடுங்க" என்று கேட்கிறதோ, அன்றைக்கு அது நின்றுபோகும்.

அந்தக் கேள்விக்கு மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகம் வைத்திருக்கும் விடைதான், இத்தகைய தொழில்களை அரசிடம் பதிந்து எண்ணும் சான்றிதழும் பெறும் உத்யம் பதிவு. படப்பிடிப்பை முழுநேரத் தொழிலாகச் செய்துவரும் நான், எனக்காகவும் பிறகு இத்தொழிலுக்கு வந்த சில நண்பர்களுக்காகவும் இதைப் பயன்படுத்திய அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசு செலவில்லாத, பயனுள்ள சேவை, இத்தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் செய்துகொள்ள வேண்டிய பதிவு. ஆனால் பலரும் இதனிடம் எதிர்பார்ப்பது ஒன்று, இது உண்மையில் தருவது வேறொன்று. கல்யாண ஆர்டர்களை மட்டும் நம்பி இருப்பவருக்கு இதனால் கிடைப்பது குறைவு. நிறுவனங்களுக்கு வேலை செய்பவருக்கோ இது சட்டம் கொடுக்கும் ஒரு பெரிய பிடிமானம்.

2015-இல் வந்த உத்யோக் ஆதார் முறைக்கு மாற்றாக, 2020 ஜூலை 1 முதல் இந்தப் பதிவு நடைமுறையில் இருக்கிறது. முழுக்க இணையவழியில் நடப்பது, கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வரையறைப்படி, கருவிகளில் முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாத எந்த நிறுவனமும் குறு நிறுவனம். ஒரு கேமராவும் இரண்டு லென்ஸும் வைத்திருக்கும் தனி ஆளும் அந்த வரையறைக்குள் வருவார், மாவட்டத் தலைநகரில் மூன்று கிளைகள் நடத்தும் ஸ்டுடியோ முதலாளியும் வருவார். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்குத் தன்னுடைய ஆதாரும் பான் எண்ணும் போதும்.

படிவத்தை நிரப்புவது எளிது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பகுதி அப்படித்தான். ஆதார் எண்ணைக் கொடுத்தால், அதோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும். அடுத்து பான் எண் சரிபார்க்கப்படும். பெயர், முகவரி, வங்கிக் கணக்கு, தொழில் தொடங்கிய தேதி, வேலை செய்வோர் எண்ணிக்கை என்று பக்கம் நகரும். ஆதாரில் உள்ள கைபேசி எண் பழையதாக இருந்தால் முதல் அடியிலேயே நின்றுவிடும் என்பதால், அதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது. நின்று நிதானித்து நிரப்ப வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, தொழிலின் வகையைக் குறிக்கும் குறியீடு. என்ஐசி எனப்படும் தேசியத் தொழில் வகைப்பாட்டில் படப்பிடிப்புத் தொழில் 7420 என்ற தொகுதியின்கீழ் வருகிறது. உற்பத்தியா, சேவையா என்ற கேள்விக்குச் சேவை என்பதையும், வணிகமா (அதாவது பொருளை வாங்கி விற்பதா), வணிகம் அல்லாததா என்ற அடுத்த கேள்விக்கு வணிகம் அல்லாதது என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரேம் விற்கிறோம், ஆல்பம் விற்கிறோம் என்று நினைத்து வணிகம் என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் பெரிய இழப்பு வரும், ஏனென்றால் வணிகர்களுக்கு இந்தப் பதிவு, வங்கிகள் முன்னுரிமை கொடுத்துத் தரும் கடன் என்ற அளவில்தான் பயன்படுகிறது. நான் கீழே சொல்லப்போகும் நிலுவைப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஒருவருக்கு ஒரு பதிவுதான், ஆனால் அந்த ஒரு பதிவிலேயே எத்தனை தொழில்களை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே படப்பிடிப்பை முதன்மையாக வைத்து, மற்றவற்றைத் துணையாகச் சேர்ப்பதே சரி.

இரண்டாவது, முதலீடு எவ்வளவு என்ற கட்டம். இதுவரை வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானம் காட்டாத புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பொழுதுபோக்காக வாங்கிய கேமராவை இதில் சேர்ப்பதா, பழைய கேமரா விற்கும் கடையில் வாங்கியதற்கு என்ன விலை போடுவது என்ற கேள்விகள் நியாயமானவை. அரசின் அறிவிக்கை இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. வருமான வரிக் கணக்கு இல்லாத புதிய நிறுவனம், புதிதாக வாங்கியதானாலும் பழையதாக வாங்கியதானாலும், கருவியின் பில் விலையை ஜிஎஸ்டி நீக்கிச் சொந்தப் பொறுப்பில் அறிவிக்கலாம். நிலம், கட்டடம், மேசை நாற்காலி போன்றவை இதில் சேரா. கேமரா, லென்ஸ், பிளாஷ், சாஃப்ட்பாக்ஸ், டிரைபாட், எடிட்டிங் கணினி ஆகியவற்றின் பில்களை ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கூட்டுத்தொகை எளிதாகக் கிடைத்துவிடும். இந்தப் படிவத்துக்கு அந்தக் கோப்பு கட்டாயமில்லை என்றாலும், பிற்பாடு ஆடிட்டரிடம் தேய்மானம் கணக்கிடப் போகும்போது அதே கோப்புதான் கேட்கப்படும். கருவி வாங்கிய பில்லைத் தொலைத்துவிடுவது நம் தொழிலில் ஏறக்குறைய எல்லோரிடமும் உள்ள பழக்கம். அதை இந்தப் படிவம் திருத்திவைக்கிறது என்பதே எனக்கு ஒரு நன்மையாகப் படுகிறது.

கடைசி ஓடிபியைக் கொடுத்ததும் பதிவு எண் வந்துவிடுகிறது. உத்யம் என்ற சொல், மாநிலக் குறியீடு, மாவட்டத்துக்கான இரண்டு இலக்கங்கள், அதன்பின் ஏழு இலக்கங்கள் என்ற வரிசையில் அந்த எண் அமைந்திருக்கும். சான்றிதழில் நிறுவனத்தின் பெயர், குறு நிறுவனம் என்ற வகை, தொழில் குறியீடு ஆகியவற்றோடு ஒரு கியூஆர் கட்டமும் இருக்கும்; யார் வேண்டுமானாலும் அதை ஸ்கேன் செய்து உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம். இதற்குக் காலாவதி கிடையாது, புதுப்பிக்கும் கட்டணமும் கிடையாது.

இதன் முதல் பயன் வங்கியில் தெரியும். தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கப் போனால், தனி உரிமையாளர் தொழில் செய்கிறார் என்பதற்கு இரண்டு சான்றுகளை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகளில் உத்யம் சான்றிதழ் அவற்றுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஸ்டுடியோ வாடகைக்கு எடுக்காமல் வீட்டிலிருந்தே தொழில் செய்பவருக்கு உள்ளாட்சி உரிமமோ ஜிஎஸ்டி பதிவோ இருக்காது. அந்த நிலையில் இந்தச் சான்றிதழே பெரிய துணை. தொழில் பெயரில் கணக்கு இருந்தால்தான் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பில் தொகையை அந்தப் பெயருக்கு அனுப்பும். முத்ரா கடனுக்குப் போகிறவர்களிடமும் வங்கிகள் இதைக் கேட்கின்றன. அத்திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவும், அதற்கு மேல் 5 லட்சம் வரையிலான கிஷோர் பிரிவும் நம் தொழிலின் தொடக்க நிலைக்குப் பொருந்துபவை.

உண்மையான பலம் அதற்கடுத்தது. இதைப் பற்றித்தான் நம்மவர்களிடம் போதிய பேச்சு இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும், அந்த நாள் எக்காரணம் கொண்டும் 45-ஐத் தாண்டாமலும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தாமதமாகும் தொகைக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் வட்டி ஏறும்.

நாள் எப்போதிலிருந்து எண்ணப்படும் என்பதைப் படப்பிடிப்பாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்தில் குறை ஏதும் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகக் கருதப்படும். இறுதிப் படங்களை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பிவிட்டு, "சார் பாத்துட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கும் நம் வழக்கம் இந்தப் பாதுகாப்பை வீணாக்குகிறது. இறுதிப் படங்களின் இணைப்பு, எண்ணிக்கை, பில் ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில், இன்ன வேலையின் இறுதி ஒப்படைப்பு இது என்ற வரியோடு அனுப்ப வேண்டும். அந்த மின்னஞ்சலின் தேதிதான் பின்னால் நமக்குச் சாட்சி.

பணம் வராவிட்டால், இதற்கென அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் பதியலாம். அது மாநிலத்தின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும்; தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு இடங்களில் இம்மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், அது கூடிவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சிறிய ஆள் என்று நம்மை இழுத்தடிக்க நினைப்பவருக்கு இந்த ஒரு விதியே போதிய தடை. ஆனால் இந்த வழியின் வேகத்தைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுவை உண்டு. 15,000 ரூபாய் நிலுவைக்காக மன்றம் ஏறும் மனம் எத்தனை பேருக்கு வரும் என்பதும் கேள்விதான்.

அந்தச் சிரமம் இல்லாமலேயே வேலை செய்யும் இன்னொரு விதி இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற உட்கூறைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை மேற்சொன்ன கெடுவுக்குள் தராத நிறுவனம், அதை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். அதாவது, நம் பில் மார்ச் 31-இல் கெடு தாண்டிய நிலுவையாக நின்றால், அந்தத் தொகைக்கு அவர்கள் வரி கட்ட நேரிடும். இதனால்தான் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர் இப்போது உத்யம் எண்ணை அவர்களாகவே கேட்டு வாங்குகிறார்கள். எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே, பெயருக்கும் முகவரிக்கும் கீழே, குறு நிறுவனம், சேவை என்ற குறிப்போடு அச்சிடுவது என் பழக்கம். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டால் பில்லை ஏற்றுபவர் கண்ணில் அது படாது.

கல்யாண வேலைக்கு இந்தப் பலம் எதுவும் அப்படியே பொருந்தாது. பெண்ணின் அப்பாவுக்குத் தொழில் செலவு என்று கழிக்க ஒன்றும் இல்லை, ஆகவே வரி குறித்த அச்சமும் இல்லை. ஆல்பம் பாக்கிக்காக ஒரு குடும்பத்தை மன்றத்துக்கு இழுப்பது நம் ஊரில் தொழில் செய்யும் முறையும் அல்ல. அங்கே நம்மைக் காப்பது அட்வான்ஸும் எழுத்து ஒப்பந்தமும்தான். தேதியை உறுதி செய்யும்போது ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வரவேற்பு தொடங்குமுன் பெரும்பங்கு, ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதி என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள், எந்த அரசுச் சான்றிதழையும்விட இந்த வேலைக்கு வலுவானது. ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் வராத தொழிலில், தையிலும் வைகாசியிலும் நிலுவை விட்டால் ஆண்டுக் கணக்கே ஆட்டம் காணும்.

ஒப்பந்தம் என்று சொல்லும்போது, இந்தச் சேவை தீர்க்காத இன்னொரு பெரிய விஷயத்தையும் சொல்ல வேண்டும். படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டதற்கிணங்க எடுக்கப்பட்ட படமானால், மாறான உடன்படிக்கை இல்லாதவரை அவரே முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்துவிட்டோம், இனிப் படங்கள் நம் சொத்து என்று நினைத்து வாடிக்கையாளரின் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுச் சிக்கிக்கொள்வோர் உண்டு. விளம்பர வேலையில் இது இன்னும் கனமான விஷயம்: ஒரு கேட்டலாக்குக்காக எடுத்த படம் ஓராண்டு கழித்து நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் நின்றாலும், உரிமையைப் பற்றி எழுதிவைக்காதவர் கூடுதலாகக் கேட்க இடமில்லை. எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, உரிமை யாரிடம் என்ற மூன்றும் கொட்டேஷனிலேயே இருக்க வேண்டும்.

அதேபோல், படிவத்தில் நிறுவனப் பெயரை எழுதிவிட்டதால் அந்தப் பெயர் நமக்குச் சொந்தமாகிவிடாது. பெயரைக் காக்க வேண்டுமானால் வணிகக் குறியாகத் தனியே பதிய வேண்டும். படப்பிடிப்புச் சேவை அதில் 41-ஆம் வகுப்பில் வருகிறது, இணையவழியில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். ஜிஎஸ்டியும் முற்றிலும் வேறு. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலின் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயம். பெங்களூரிலோ கொச்சியிலோ போய்ப் படம் எடுத்தாலும் சேவைக்கு அந்த வரம்பே பொருந்தும். வரம்புக்குக் கீழே, பதிவு செய்யாமல் இருப்பவர் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்குவது குற்றம். பெரிய தொழில்காரர் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் செய்யும் இந்தத் தவற்றை யாரும் செய்துவிடக் கூடாது.

பதிவு செய்யுமுன் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. உத்யம் என்று தேடினால், அரசுத் தளத்தைப் போலவே நிறமும் சின்னமும் வைத்திருக்கும் தனியார் தளங்கள் விளம்பரங்களாக முதலில் வந்து நிற்கும். இலவசப் பதிவுக்கு அவை கட்டணம் கேட்கின்றன, ஆதார் ஓடிபியையும் கேட்கின்றன. முகவரியின் இறுதியில் அரசுத் தளத்துக்குரிய gov.in என்ற முடிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். பணம் கட்டும் பக்கம் எங்கே வந்தாலும் அது அரசுத் தளம் அல்ல. சொந்தமாக நிரப்பத் தயங்குபவர்கள் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். உதவி செய்வது அவர்களின் பொறுப்பு.

வேறு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டு வார இறுதியில் படம் எடுப்பவர்கள், பதிவுக்கு முன் தங்கள் பணி விதிகளைப் படிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், எப்போதாவது செய்யும் கலை சார்ந்த பணியை அனுமதித்தாலும், முன் அனுமதியின்றித் தொழில் நடத்துவதைத் தடுக்கின்றன. மாநில அரசு ஊழியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் அவரவர் விதிகள் உண்டு. பதிவு என்பது தொழில் நடத்துகிறேன் என்று பான் எண்ணோடு அரசிடம் தரும் அறிவிப்பு. அதன்பிறகு அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது.

இந்தத் தடை இல்லாதவர்கள், கம்பெனி வேலை வரட்டும், அப்புறம் பதிவு செய்துகொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். பதிவுக்கு முன் செய்து முடித்த வேலைக்கு நிலுவைப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பின்னர் வந்த இன்னொரு வழக்கில் இக்கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அந்த வழக்கின் முடிவு எப்படி வந்தாலும், முதல் கொட்டேஷனை அனுப்பும் நாளுக்கு முன்னதாகவே எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கலே எழாது.